ஹலோ... கேட்குதா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அக்கா வீட்டில் மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். மீன் குழம்பு வாசனையை எதிர்பார்த்து உள்ளே நுழைந்தால், ஈயம் உருகும் வாசனை மூக்கைத் துளைத்தது. கூடத்தில் பழைய பேப்பரை விரித்துப் போட்டு, சால்டரிங் அயர்னும் கையுமாக உட்கார்ந்திருந்தான் அக்கா பையன். இன்ஜினீயரிங் இரண்டாம் வருடம். எதிரே நாலு கைகளையும் நீட்டிக்கொண்டு மல்லாந்து கிடந்தது ஒரு குட்டி ட்ரோன். கடையில் வாங்கியது இல்லை. உதிரி உதிரியாக வரவழைத்து அவனே கட்டியது.

‘‘மூணு நாளா உயிரை வாங்குது மாமா!’’

‘‘ஏன், பறக்கலையா?’’

‘‘பறக்கறது அப்புறம். நான் சொல்றது அதுக்குக் காதுலயே விழலை.’’

விஷயம் இதுதான். கையில் இருக்கிற ரிமோட், கட்டளையைக் காற்றில் அனுப்பும். ட்ரோனில் ஒட்டிக்கொண்டிருக்கிற கட்டைவிரல் நகம் அளவு ரிசீவர், அதை வாங்கிக்கொள்ளும். வாங்கியதை ஒரு ஒயர் வழியாக ஃப்ளைட் கன்ட்ரோலர் என்கிற சின்னப் பலகைக்குச் சொல்லும். அந்தப் பலகை கணக்குப் போட்டு நாலு மோட்டார்களையும் சுழற்றும். ரிசீவர்தான் காது. ஃப்ளைட் கன்ட்ரோலர்தான் மூளை.

பலகையை லேப்டாப்பில் செருகினால், ரிமோட்டின் ஒவ்வொரு குச்சிக்கும் ஒரு பட்டை திரையில் தெரியும். குச்சியை ஆட்டினால் பட்டையும் ஆட வேண்டும். ஆடவில்லை. செத்த பாம்பு மாதிரி கிடந்தது.

நான் படித்தது பி.காம். எனக்குத் தெரிந்த ரிமோட், டி.வி. ரிமோட் ஒன்றுதான். அதையும் பேட்டரி தீர்ந்தால் இரண்டு தட்டு தட்டுவதோடு என் தொழில்நுட்ப அறிவு முடிந்தது. ஆனால், சரித்திரம் கொஞ்சம் படித்திருக்கிறேன். அவன் வைத்தியம் பார்க்கப் பார்க்க, எனக்கு ஒன்று புரிந்தது. அந்த மூன்று நாளில் அவன் பட்ட பாடு, நூற்றிச் சொச்சம் வருடமாகப் பெரிய பெரிய ஆட்கள் பட்ட அதே பாடு.

ரிமோட் கன்ட்ரோல் என்றால் கட்டளை போடுகிறவனைப் பற்றித்தான் பேசுவோம். பட்டனை அமுக்கினான், படகு திரும்பியது. குச்சியைத் தள்ளினான், விமானம் ஏறியது. அமுக்குவது எப்போதுமே சுலபம். கஷ்டமெல்லாம் அந்தப் பக்கம் கேட்கிறவனுக்குத்தான். கேட்டதா? கேட்டது புரிந்ததா? பேசியது நம்ம ஆள்தானா? ஒன்றுமே கேட்காவிட்டால் என்ன செய்வது?

இந்த நாலு கேள்விதான் மொத்தச் சரித்திரமும்.

*

1898. நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் மின்சாரக் கண்காட்சி. ஒரு தண்ணீர்த் தொட்டி. அதில் சுமார் நாலடி நீளத்தில் ஓர் இரும்புப் படகு. கரையில் நெட்டையாக, நறுவிசாக உடுத்திக்கொண்டு நின்றார் நிக்கோலா டெஸ்லா. கையில் ஒரு பெட்டி. அவர் நெம்புகோலைத் திருப்பினால் படகு திரும்பியது. விளக்கு எரிந்தது. அணைந்தது. நடுவில் ஒயர் இல்லை, கயிறு இல்லை.

ஜனங்களுக்குத் தலை சுற்றிவிட்டது. மந்திரம் என்றார்கள். பழக்கிய குரங்கு ஒன்றை உள்ளே உட்கார வைத்திருக்கிறார் என்றுகூடப் பேசிக்கொண்டார்களாம். டெஸ்லாவும் சளைத்தவர் இல்லை. 64-க்குக் கனமூலம் என்ன என்று படகைப் பார்த்துக் கேட்பாராம். விளக்கு நாலு முறை கண்ணடிக்குமாம்.

அந்த வருடம் நவம்பர் 8-ம் தேதி அவருக்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. எண் 613809. தூரத்திலிருந்து வண்டி வாகனங்களை ஓட்டுகிற முறை.

சரி, அந்தப் படகுக்குக் காது எது?

ஒரு சின்னக் குழாய். உள்ளே உலோகத்தூள். அவ்வளவுதான். பாரிஸில் எடுவார் பிரான்லி என்கிற விஞ்ஞானி 1890-ல் கண்டுபிடித்த சமாசாரம் இது. சாதாரணமாகத் தூள் வழியாக மின்சாரம் பாயாது. பக்கத்தில் ரேடியோ அலை வந்ததும் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மின்சாரம் பாயும். அட, கேட்டுவிட்டது!

பிரச்னை அதற்கப்புறம்தான். ஒட்டியது ஒட்டியதுதான். தானாகப் பிரியாது. ஒருமுறை கேட்டால், கேட்டுக்கொண்டே இருக்கிற காது. அடுத்த கட்டளை அதில் ஏற வேண்டுமானால் குழாயைத் தட்டித் தூளை உதிர்க்க வேண்டும். இங்கிலாந்தில் ஆலிவர் லாட்ஜ் இந்தக் குழாய்க்கு ‘கோஹிரர்’ என்று பெயர் வைத்தார். தட்டிவிடுவதற்குத் தனியாக ஒரு குட்டிச் சுத்தி ஏற்பாடு. டெஸ்லாவின் படகில், கேட்டு முடித்ததும் குழாயே தலைகீழாகப் புரண்டு தூளை உதிர்த்துக்கொள்ளும். ஆக, நான் டி.வி. ரிமோட்டைத் தட்டுவதற்கு விஞ்ஞானப் பாரம்பரியம் இருக்கிறது!

டெஸ்லாவுக்கு முன்பே நம்ம ஊரிலும் ஒருவர் இந்த வேலையைச் செய்திருந்தார். கல்கத்தா பிரசிடென்சி கல்லூரிப் பேராசிரியர் ஜகதீஷ் சந்திர போஸ். 1895-ல், கல்கத்தா டவுன் ஹாலில், சுவர்களைத் தாண்டி அலையை அனுப்பி, தூரத்தில் இருந்த மணியை ஒலிக்க வைத்தார். வெடிமருந்தைப் பற்ற வைத்தார். தட்டாமலே தானாகத் தெளிகிற பாதரசக் காது ஒன்றையும் செய்து, 1899-ல் லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கட்டுரை அனுப்பினார். தாதுக் கற்களை வைத்து அவர் செய்த இன்னொரு ரிசீவருக்கு 1904-ல் அமெரிக்காவில் காப்புரிமை கிடைத்தது. எல்லோரும் எவ்வளவு சத்தமாகப் பேசலாம் என்று யோசித்துக்கொண்டிருந்த காலத்தில், எவ்வளவு நுட்பமாகக் கேட்கலாம் என்று யோசித்த மனிதர்.

*

அக்கா பையனின் ரிசீவரில் சின்ன விளக்கு ஒன்று விடாமல் எரிந்துகொண்டிருந்தது.

‘‘இது எரிஞ்சா ரிமோட்டோட பேச்சு அதுக்குக் கேட்குதுன்னு அர்த்தம் மாமா. விட்டு விட்டு எரிஞ்சா கேட்கலைன்னு அர்த்தம்.’’

‘‘அப்போ காது நல்லாதான் இருக்கு. காதுக்கும் மூளைக்கும் நடுவுலதான் தகராறு!’’

நடுவில் இருப்பது ஒயர். அதைப் பார்த்தோம். ரிசீவரில் டி.எக்ஸ். என்று எழுதிய புள்ளி. பேசுகிற வாய். பலகையிலும் டி.எக்ஸ்., ஆர்.எக்ஸ். என்று இரண்டு புள்ளிகள். ஆர்.எக்ஸ். என்றால் கேட்கிற காது. பையன் டி.எக்ஸ்ஸையும் டி.எக்ஸ்ஸையும் இணைத்து வைத்திருந்தான். பெயர் ஒன்றாக இருக்கிறதே, சரியாகத்தான் இருக்கும் என்ற நினைப்பு.

எனக்குச் சட்டென்று பொறி தட்டியது. முதல் வருட அக்கவுன்டன்ஸி! நான் உங்களுக்கு நூறு ரூபாய் கொடுத்தால், என் புத்தகத்தில் அது உங்கள் பெயரில் பற்று. உங்கள் புத்தகத்தில் என் பெயரில் வரவு. இரண்டு பேருமே பற்று எழுதினால் கணக்கு எந்த ஜென்மத்திலும் டேலி ஆகாது. ரிசீவரின் வாய், பலகையின் காதுக்குத்தான் போக வேண்டும்.

ஒயரைப் பிரித்து, மாற்றி வைத்து சால்டர் செய்தான். லேப்டாப்பைப் பார்த்தோம். பட்டை அசையவில்லை.

அடுத்து, வாசல். பலகைக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று பல வாசல்கள் உண்டு. எந்த வாசலில் ரிசீவரின் ஒயர் வருகிறதோ அதைத்தான் சாஃப்ட்வேரில் ‘ரிசீவருக்கு’ என்று திறந்து வைக்க வேண்டும். ஒயர் போனது இரண்டாம் வாசலுக்கு. இவன் திறந்து வைத்திருந்தது முதல் வாசல். மாற்றினான்.

ம்ஹூம். அப்போதும் அசையவில்லை.

அதாவது, காதுக்குள் சத்தம் போகிறது. பேசுவது என்ன பாஷை என்றுதான் தெரியவில்லை.

*

இரண்டாவது கேள்வி, பாஷை. டெஸ்லாவின் படகுக்குத் தெரிந்தது ஒரே வார்த்தை. சிக்னல் வந்தால் ‘அடுத்தது.’ அவ்வளவே. இடது, நேர், வலது என்று வரிசையாக நகரும். சுழல் விசிறி ரெகுலேட்டர் மாதிரி. இடதிலிருந்து மறுபடி இடதுக்குப் போக வேண்டுமானால் ஒரு சுற்று சுற்றி வர வேண்டும்.

1935-ல் பிரிட்டன், ‘குயின் பீ’ என்ற ஆளில்லா விமானத்தைப் பறக்கவிட்டது. டைகர் மாத் என்கிற பயிற்சி விமானத்தின் உறவுக்காரன். போர்க்கப்பலில் இருக்கிற பீரங்கிக்காரர்கள் சுட்டுப் பழகுவதற்கான இலக்கு. கீழே இருந்து எப்படி ஓட்டினார்கள் தெரியுமா? டெலிபோன் டயலைச் சுற்றி! இந்த எண் சுற்றினால் இடது, அந்த எண் சுற்றினால் வலது. தபால் தந்தி ஆபீஸ் உத்தி வானத்துக்குப் போனது. நானூறுக்கும் மேல் தயாரித்தார்கள்.

குயின் பீ என்றால் ராணித் தேனீ. அதைப் பார்த்துவிட்டுப் போன அமெரிக்கக் கடற்படைக்காரர்கள் தங்கள் ஆளில்லா விமானத்துக்கு ‘ட்ரோன்’ என்று பெயர் வைத்தார்கள். ட்ரோன் என்றால் ஆண் தேனீ. கல்யாண வீட்டு போட்டோகிராபர் இன்று பறக்கவிடுகிற வஸ்துவுக்கு இந்தப் பெயர் வந்த கதை இதுதான்.

பொழுதுபோக்குக்காரர்கள் சும்மா இருப்பார்களா? 1937 வாக்கில் அமெரிக்காவின் வால்டர் குட், வில்லியம் குட் சகோதரர்கள் ‘கஃப்’ என்ற மாதிரி விமானத்தை ரேடியோவில் ஓட்டிக் காட்டினார்கள். அந்த விமானம் பிறகு ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்கே போய்ச் சேர்ந்தது. ஆனாலும் அந்தக் காலத்துக் காதுகளுக்கு ‘திரும்பு’ என்றால்தான் புரியும். ‘கொஞ்சமா திரும்பு’ என்றால் புரியாது. முழுசாகத் திரும்பும், அல்லது திரும்பவே திரும்பாது. மூக்கணாங்கயிறு இல்லாத மாடு மாதிரி.

இதற்குத் தீர்வு 1960-களில் வந்தது. அழகான யோசனை. கட்டளையை எவ்வளவு பலமாகச் சொல்கிறோம் என்பதில் ஒன்றும் இல்லை. எவ்வளவு நேரம் சொல்கிறோம் என்பதில் வைத்தார்கள். ஒரு துடிப்பு 1 மில்லி செகண்ட் நீடித்தால் ஒரு கோடி. 2 மில்லி செகண்ட் என்றால் மறு கோடி. 1.5 என்றால் நடு. இப்படி செகண்டுக்கு ஐம்பது முறை. விரலை எவ்வளவு நகர்த்துகிறோமோ, அவ்வளவே இறக்கை திரும்பும். அக்கா பையனின் லேப்டாப் திரையில் பட்டைக்குப் பக்கத்தில் 1000, 1500, 2000 என்று எண்கள் இருந்தன. என்ன கணக்கு என்று கேட்டேன். மைக்ரோ செகண்ட் என்றான். துடிப்பெல்லாம் போய் எண்களாகப் பேசுகிற காலம் வந்துவிட்டது. அளவு மட்டும் அந்த அறுபதுகளின் அளவுதான்.

அப்புறம் நாலு மோட்டார் ட்ரோன் வந்தது. நாலு மோட்டார்களையும் மனிதக் கை சமாளிக்க முடியாது. செகண்டுக்குப் பல நூறு முறை திருத்த வேண்டும். அதற்கொரு மூளை வேண்டும். 2010 வாக்கில், நின்டெண்டோ வீ என்கிற வீடியோ கேம் ரிமோட்டில் இருந்த சாய்வு உணரும் சில்லைப் பிடுங்கி எடுத்து, மூளை கட்டினார்கள் பொழுதுபோக்குக்காரர்கள். அதன் பெயரே மல்ட்டி வீ. இன்று ஊர்ப்பட்ட பிள்ளைகள் பயன்படுத்துகிற ஃப்ளைட் கன்ட்ரோலர் சாஃப்ட்வேர்களுக்கு முன்னோடி.

மூளை வந்ததும் ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு ஒயர் என்ற பழைய முறை கட்டுப்படியாகவில்லை. எல்லாவற்றையும் ஒரே ஒயரில் வரிசையாக அனுப்ப ஆரம்பித்தார்கள். இங்கேதான் ஆளுக்கொரு பாஷை. ஃபுடாபா கம்பெனிக்கு எஸ்.பஸ். ஃப்ளைஸ்கைக்கு ஐ.பஸ். கிராஸ்ஃபயருக்கு சி.ஆர்.எஸ்.எஃப். ஒன்று பேசுவது இன்னொன்றுக்குப் புரியாது. பேசுகிற வேகமும் வேறு.

அக்கா பையனின் ரிசீவர் பேசியது எஸ்.பஸ். சாஃப்ட்வேரில் அதைத்தான் தேர்ந்தெடுத்திருந்தான். அது சரி. ஆனால், எஸ்.பஸ்ஸுக்கு ஒரு விசித்திர குணம் உண்டு. அது தலைகீழாகப் பேசும். மற்றவர்கள் ‘ஆம்’ என்கிற இடத்தில் இது ‘இல்லை’ என்னும். மற்றவர்கள் ‘இல்லை’ என்றால் இது ‘ஆம்.’

மறுபடி அக்கவுன்டன்ஸி! பேங்க் பாஸ்புக்கும் நம்ம கேஷ் புக்கும் இப்படித்தானே? பேங்க் பாஸ்புக்கில் வரவு என்று இருப்பது நம்ம புத்தகத்தில் பற்று. தெரியாதவன் இரண்டையும் அப்படியே ஒப்பிட்டால் பைத்தியம் பிடித்துவிடும். நடுவில் ஒருவர் உட்கார்ந்து புரட்டிப் படிக்க வேண்டும்.

புதிய சில்லுகள் சில இந்தப் புரட்டலைத் தாங்களே செய்துகொள்ளும். இவன் பலகையில் இருந்த சில்லு கொஞ்சம் பழைய வகை. அதற்குத் தெரியாது. அதனால், பலகை செய்தவர்கள் புரட்டித் தருவதற்கென்றே ஒரு குட்டி சர்க்யூட் போட்டு, ‘எஸ்.பஸ்’ என்று தனிப் புள்ளியே வைத்திருந்தார்கள். பொடி எழுத்து. மூன்று நாளாக அவன் கண்ணில் படவில்லை. என் கண்ணாடியைக் கழற்றி, பூதக்கண்ணாடி மாதிரி பிடித்துப் பார்த்ததில் தெரிந்தது. ஒயரை அங்கே மாற்றினான். அந்தப் புள்ளிக்குரிய வாசலைத் திறந்தான். ரிமோட்டை எடுத்தான். குச்சியைத் தள்ளினான்.

பட்டை நகர்ந்தது!

பையன் போட்ட கத்தலில் அக்கா கரண்டியோடு ஓடி வந்துவிட்டாள்.

ஒரு சின்ன வேடிக்கை. வேகத்துக்கான குச்சியைத் தள்ளினால் சாய்வுக்கான பட்டை நகர்ந்தது. ரிமோட் ஒரு வரிசையில் சொல்கிறது, பலகை வேறு வரிசையில் எழுதிக்கொள்கிறது. மிளகாய்த்தூள் டப்பாவில் மல்லித்தூளைக் கொட்டிய கதை. சாஃப்ட்வேரில் வரிசையை மாற்றினான். சரியாகிவிட்டது.

*

சாப்பிடும்போது பையன் ஒரு நல்ல கேள்வி கேட்டான்.

‘‘பக்கத்து வீட்டுப் பையனும் இதே கம்பெனி ரிமோட்டை வெச்சிருந்தா, என் ட்ரோன் அவன் பேச்சைக் கேட்குமா மாமா?’’

மூன்றாவது கேள்வி. பேசியது நம்ம ஆள்தானா? இந்தக் கேள்விக்கு ஒரு காலத்தில் உயிர்கள் விலையாகப் போயிருக்கின்றன.

அந்தக் காலத்தில் மலேயா போன நம்ம ஜனங்களுக்கு ‘ரஜூலா’ கப்பல் நன்றாகத் தெரியும். மெட்ராஸிலும் நாகப்பட்டினத்திலும் ஏறி, பினாங்கிலும் சிங்கப்பூரிலும் இறங்கியவர்கள் எத்தனையோ பேர். அந்த ரஜூலாவுக்கு ஒரு சகோதரிக் கப்பல் உண்டு. பெயர் ரோனா. இரண்டும் 1926-ல் கட்டப்பட்டவை. பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி இரண்டையும் இந்தத் தடத்துக்காகவே கட்டியது.

யுத்தம் வந்ததும் ரோனாவைப் படைவீரர்களை ஏற்றிச் செல்கிற வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். 1943 நவம்பர் 26. அல்ஜீரியாவை ஒட்டிய மத்தியத் தரைக்கடல். கப்பல் நிறைய அமெரிக்கப் படைவீரர்கள். இந்தியா - பர்மா போர்முனைக்கு வந்துகொண்டிருந்தவர்கள். கப்பல் ஊழியர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். ஜெர்மன் விமானங்கள் வந்தன. ஒரு விமானத்திலிருந்து ‘ஹென்ஷெல் 293’ என்ற குண்டு கழன்றது. சாதாரணக் குண்டு அல்ல. இறக்கையும் ராக்கெட்டும் வைத்த குண்டு. வாலில் ஒரு வெளிச்சம். விமானத்தில் உட்கார்ந்திருந்தவர் அந்த வெளிச்சத்தைப் பார்த்தபடி ஒரு குச்சியை நகர்த்தினார். குண்டு திரும்பியது. ரோனாவின் பக்கவாட்டில் போய்ப் பாய்ந்தது.

ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கப் படைவீரர்கள் செத்தார்கள். இந்தியக் கப்பல் ஊழியர்கள் பலரும் அவர்களோடு போனார்கள். எதிரியின் தாக்குதலில், கடலில் அமெரிக்கத் தரைப்படைக்கு ஒரே கப்பலில் அத்தனை இழப்பு வேறெப்போதும் இல்லை. ரிமோட் குண்டு என்ற விஷயம் வெளியே வரக் கூடாது என்பதற்காக அமெரிக்க அரசு அதைப் பல வருடங்கள் அமுக்கியே வைத்திருந்தது.

அந்தக் குண்டுக்குள் இருந்த ரிசீவரின் பெயர் ஸ்ட்ராஸ்பர்க். விமானத்தில் இருந்த ட்ரான்ஸ்மிட்டரின் பெயர் கேல். ரைன் நதியின் இரு கரைகளில் எதிரும் புதிருமாக இருக்கிற இரண்டு ஊர்கள். ஒரு கரை பேச, மறு கரை கேட்கிறது. பேர் வைத்தவருக்கு ரசனை இருந்திருக்கிறது!

இவர்களைக் குழப்புவதற்கு நேச நாட்டுக்காரர்கள் தவியாய்த் தவித்தார்கள். எதிரி எந்த அலைவரிசையில் பேசுகிறானோ, அதே அலைவரிசையில் கூச்சல் போட வேண்டும். ஆனால், ஜெர்மானியர்களிடம் 18 அலைவரிசைகள். குண்டு விழுகிற சில நொடிகளுக்குள் எதுவென்று கண்டுபிடித்து முடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

1944-ல் பிரிட்டிஷ்காரர்கள் குறுக்கு வழி கண்டார்கள். பேசுபவனை விடு, கேட்பவனைப் பார். அந்த ஜெர்மன் ரிசீவர், எந்த அலைவரிசையில் கட்டளை வந்தாலும், உள்ளே தன் வசதிக்காக 3 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றித்தான் புரிந்துகொள்ளும். பிரிட்டிஷ் கருவி நேராக அந்த 3 மெகாஹெர்ட்ஸில் கூச்சல் போட்டது. 18 அலைவரிசைகளையும் தேட வேண்டியதே இல்லை. காதுக்குள்ளேயே இரைச்சல்!

இதே தலைவலியை எதிர்ப்பக்கத்திலிருந்து யோசித்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஹாலிவுட் நடிகை ஹெடி லமார். இன்னொருவர் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆன்தைல். ரேடியோவில் ஓட்டுகிற டார்பிடோவை எதிரி குழப்பாமல் இருக்க என்ன வழி? ஒரே அலைவரிசையில் பேசாதே. தாவித் தாவிப் பேசு. பேசுபவனும் கேட்பவனும் ஒரே வரிசையில், ஒரே நேரத்தில் தாவினால் போதும். நடுவில் இருப்பவனுக்குத் துண்டு துண்டாகத்தான் கேட்கும். தாவுகிற வரிசையை, தானாக வாசிக்கும் பியானோவுக்குப் போடுகிற துளைக் காகிதச் சுருள் மாதிரி ஒன்றில் பதியலாம் என்றார்கள். பியானோவுக்கு 88 கட்டை. இவர்கள் சொன்னதும் 88 அலைவரிசை. 1942 ஆகஸ்ட் 11-ம் தேதி காப்புரிமை கிடைத்தது. கடற்படை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டது. தாவிப் பேசும் யோசனை அவர்களுக்கு முன்பே சிலருக்குத் தோன்றியிருந்தது என்பதும் உண்மை. ஆனால், அதை இவ்வளவு தெளிவாக எழுதிவைத்த நடிகை வேறு யார்?

யுத்தம் முடிந்தது. மைதானத்தில் விளையாட்டு விமானம் விடுகிறவர்களுக்கும் அதே வம்பு. அமெரிக்காவில் 72 மெகாஹெர்ட்ஸ், பிரிட்டனில் 35. அதற்குள் எண் போட்ட சேனல்கள். இரண்டு பேர் ஒரே சேனலில் ரிமோட்டைப் போட்டால், மேலே பறக்கிற விமானம் தலைகுப்புற விழும். இதற்கு அவர்கள் கண்ட தீர்வு, ஒரு பலகையும் துணி காயப்போடுகிற கிளிப்பும்! பலகையில் சேனல் எண் எழுதியிருக்கும். உங்கள் எண்ணுக்கான கிளிப் கையில் இருந்தால்தான் ரிமோட்டை ஆன் செய்யலாம். கிளிப் இல்லையா? வரிசையில் நில்லுங்கள்.

2005 வாக்கில் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட்டுகள் வந்தன. ஒவ்வொரு ரிமோட்டுக்கும் தனி அடையாள எண். முதல் முறை ரிசீவரையும் ரிமோட்டையும் ‘பைண்ட்’ செய்துவிட்டால், அதற்கப்புறம் ரிசீவர் வேறு யார் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காது. தாலி கட்டின மாதிரி. பல கம்பெனிகள் தாவித் தாவிப் பேசும் வித்தையையும் சேர்த்துக்கொண்டன. துணி கிளிப்புக்கு வேலை போனது.

‘‘அதனால பக்கத்து வீட்டுப் பையன் பேச்சு உன் ட்ரோன்கிட்ட எடுபடாது. பயப்படாம சாப்பிடு.’’

*

கை கழுவிவிட்டு வந்ததும், ‘‘கிளம்புங்க மாமா, மொட்டை மாடிக்குப் போய்ப் பறக்கவிடலாம்’’ என்றான். இறக்கைகளை மாட்டப் போனான்.

‘‘கொஞ்சம் இரு. பறந்துக்கிட்டிருக்கும்போது ரிமோட் பேட்டரி தீர்ந்துபோச்சுன்னா என்ன ஆகும்?’’

‘‘அதெல்லாம் விழுந்துடும் மாமா.’’

‘‘பார்த்தியா?’’

பார்க்கவில்லை.

நாலாவது கேள்வி. ஒன்றுமே கேட்காவிட்டால்?

1956 ஆகஸ்ட் 16. கலிபோர்னியா. அமெரிக்கக் கடற்படை, ஏவுகணைப் பயிற்சிக்காகச் சிவப்பு வண்ணம் பூசிய ஒரு பழைய ஹெல்கேட் போர் விமானத்தை ஆளில்லாமல் கிளப்பியது. கிளம்பிய கொஞ்ச நேரத்தில் அது ரிமோட் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டது. பாட்டுக்குத் திரும்பி, லாஸ் ஏஞ்சல்ஸ் திசையில் பறக்க ஆரம்பித்தது.

விமானப்படை இரண்டு ஜெட் விமானங்களை அனுப்பியது. இரண்டும் சேர்ந்து 208 ராக்கெட்டுகளை வீசின. எத்தனை பட்டது?

ஒன்றுகூட இல்லை!

ஓட்டுகிறவன் இல்லாத அந்தக் கிழட்டு விமானம், எரிபொருள் தீர்ந்து, பாம்டேல் என்ற ஊருக்கு அருகே பாலைவனத்தில் தானாக விழுந்தது. குறி தவறிய ராக்கெட்டுகள்தான் ஊரில் போய் விழுந்தன. வீடுகளுக்குள் சிதறல்கள் தெறித்தன. புதர்க்காடுகள் தீப்பிடித்து சுமார் ஆயிரம் ஏக்கர் எரிந்தது. அணைக்க இரண்டு நாள் ஆயிற்று. யாரும் சாகவில்லை என்பது அந்த ஊர்க்காரர்கள் செய்த புண்ணியம்.

கதையைச் சொன்னதும் பையன் இறக்கைகளைக் கீழே வைத்தான். ட்ரோனைத் தரையில் வைத்து, வெறும் மோட்டார்களை ஓடவிட்டான். வேகக் குச்சியைப் பாதி வரைக்கும் ஏற்றினான். ரிமோட்டை அணைத்தான்.

மோட்டார் நிற்கவில்லை.

ஐந்து செகண்ட். பத்து செகண்ட். ர்ர்ர்ரென்று ஓடிக்கொண்டே இருந்தது. பேட்டரியைப் பிடுங்கித்தான் நிறுத்த வேண்டி வந்தது. அவன் முகத்தைப் பார்த்தேன். வெளுத்திருந்தது.

என்ன நடந்தது? அந்த ரிசீவர், ரிமோட்டின் குரல் நின்றுபோனால், கடைசியாகக் கேட்டதையே திரும்பத் திரும்ப மூளைக்குச் சொல்லும்படி அமைக்கப்பட்டிருந்தது. ‘பாதி வேகம், பாதி வேகம், பாதி வேகம்...’ குரல் நின்றதே மூளைக்குத் தெரியாது. எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்றே அது நம்பும். இறக்கை மாட்டி மொட்டை மாடியிலிருந்து பறக்கவிட்டிருந்தால், கத்தி மாதிரி சுழலும் நாலு இறக்கைகளோடு அது பாட்டுக்குத் தெருவுக்கு மேலே போயிருக்கும். கீழே ஞாயிற்றுக்கிழமைக் கிரிக்கெட். பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள்.

கேட்டது ஒட்டிக்கொண்டு பிரியாமல் நிற்கும் காது. பிரான்லி காலத்து உலோகத்தூள் நோய் இன்னும் போகவில்லை!

ரிசீவரின் அமைப்பை மாற்றினான். குரல் நின்றால், ‘எனக்கு ஒன்றும் கேட்கவில்லை’ என்று மூளையிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். அப்படி ஒப்புக்கொண்டால் மூளை மோட்டாரை நிறுத்த வேண்டும். மறுபடி ஓடவிட்டு ரிமோட்டை அணைத்தான். ஒன்றரை செகண்ட். கப்சிப். இன்னொரு முறை. கப்சிப். ஐந்து முறை செய்து பார்த்த பிறகுதான் எனக்கு மனசு ஆறியது.

அடுத்த ஞாயிறு, அரசாங்க வரைபடத்தில் பச்சைப் பகுதிதான் என்று பார்த்துக்கொண்டு, ஊருக்கு வெளியே ஒரு பொட்டல் காட்டுக்குப் போனோம். இறக்கை மாட்டுவதற்கு முன்னால் அவனே ஒரு தடவை மோட்டாரை ஓடவிட்டு ரிமோட்டை அணைத்துப் பார்த்தான். நான் சொல்லவே இல்லை.

அதற்கப்புறம்தான் அது பறந்தது.